பர்ஸ்டன் பெற்றோர் அளித்த தீர்ப்பு

பள்ளிக்கூடத்தை நடத்துகிறவர்களுக்குள் மனஸ்தாபம் மூண்டால், அந்தச் செய்தி பெற்றோரின் காதுக்கு எட்டும் வழி பெரும்பாலும் ஒன்றுதான். மாலையில் வீடு திரும்புகிற பிள்ளை, தான் கண்டதையும் கேட்டதையும் அடுப்படியில் நிற்கும் தாயிடம் சொல்லுவது. நிர்வாகக் குழுவின் நடவடிக்கைப் புத்தகத்தில் என்ன எழுதப்பட்டது, தலைமையாசிரியர் பேரில் என்ன பிராது கொடுக்கப்பட்டது, யார் யாருக்குக் கடிதம் எழுதினார்கள் என்பதெல்லாம் பெற்றோருக்குத் தெரிவதில்லை. தெரிவிக்க வேண்டும் என்ற எண்ணமும் பொதுவாக எவருக்கும் எழுவதில்லை. விவகாரத்தின் பலனை அனுபவிப்பவர்கள் அவர்கள் பிள்ளைகளே என்றாலும், அவர்களைக் கேளாமலே விசாரணை நடந்து, தீர்ப்பும் முடிந்துவிடும். இந்த வழக்கத்துக்கு மாறாக, தங்களை ஒருவரும் அபிப்பிராயம் கேளாதபோதிலும் தாங்களே கூடி நியாயம் இன்னதென்று நிச்சயித்து, அந்த நிச்சயத்தை 25 ஆண்டுகள் காத்து நின்ற ஏழைப் பெற்றோரின் சரித்திரம் ஒன்று இங்கிலாந்து தேசத்தில் உண்டு. நார்ஃபோக் ஜில்லாவில், டிஸ் என்னும் சிறு நகரத்துக்கு அருகேயுள்ள பர்ஸ்டன் என்ற கிராமமே அது நிகழ்ந்த இடம்.

முதல் உலக யுத்தத்துக்கு முந்திய அந்த நாட்களில் பர்ஸ்டனின் ஜீவனம் முழுவதும் பயிர்த்தொழிலை நம்பியே இருந்தது. பண்ணையாளுக்கு வாரக் கூலி ஏறத்தாழ 13 ஷில்லிங். வருஷம் முழுவதும் பாடுபட்டாலும் அவன் 35 பவுனைக் கண்ணால் காண்பது அரிது. அவன் குடியிருக்கும் வீடு பெரும்பாலும் பண்ணையாருக்கே சொந்தமாகையால், எஜமானர் முகம் கோணினால் வேலை போவதோடு தலைக்கு மேல் இருக்கும் கூரையும் போய்விடும். அதே ஊரின் தேவாலயத்துப் பாதிரியாருக்கோ வருஷ வருமானம் ஏறத்தாழ 580 பவுன். அதற்கு மேல் விசாலமான வீடும் தேவாலயத்து மானிய நிலமும் உண்டு. நிலத்தை ஆளும் பண்ணையார்களும் ஆத்மாக்களை மேய்க்கும் பாதிரியாரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து ஊர்க்காரியங்களைத் தீர்மானித்தார்கள். அந்தக் காரியங்களுள் பள்ளிக்கூடமும் ஒன்று.

சட்டப் புத்தகத்தைப் பார்த்தால் ஏழைப் பிள்ளைகளின் கல்விக்குக் குறைவில்லை. 1870-ஆம் ஆண்டுச் சட்டம் தேசமெங்கும் ஆரம்பப் பள்ளிகளுக்கு வழி செய்தது. 1880-ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளிக்குச் செல்வதைக் கட்டாயமாக்கியது. ஆனால் பயிர்வேலை மும்முரமாக இருக்கும் காலத்தில், பன்னிரண்டு வயதுப் பையனைச் சில பென்ஸ் கூலிக்கு வயலில் இறக்கிக் கொள்ளப் பண்ணையார்கள் தயங்கவில்லை. அவர்களிற் பலர் பள்ளி நிர்வாகக் குழுவிலும் அங்கத்தினர்களாக இருந்தமையால், வகுப்பில் பையன் வராத நாளுக்குக் கேள்வி கேட்க வேண்டியவரும் அவனை வயலில் நிறுத்தி வைத்தவரும் ஒருவராகவே இருக்கும்படி நேர்ந்தது.

இந்த நிலைமையைச் சகித்துக்கொள்ள இயலாத இருவர், கணவனும் மனைவியுமாக, நார்ஃபோக் கிராமங்களுக்கு உபாத்தியாயர்களாக வந்து சேர்ந்தார்கள். டாம் ஹிக்டன் சாமர்செட் ஜில்லாவில் ஒரு பண்ணைத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். அவர் மனைவி ஆனி கேத்தரின். கிட்டி என்பது வழங்கும் பெயர். மனைவி தலைமையாசிரியை, கணவர் உதவியாசிரியர் என்ற முறையில் இருவரும் 1902-ஆம் ஆண்டில் உட் டாலிங் என்ற கிராமத்துப் பள்ளியில் அமர்ந்தனர். ஈரம் கசியும் கட்டடத்தைப் பற்றியும், பையன்களைப் பண்ணையார்கள் வயலுக்கு இழுத்துக் கொள்வதைப் பற்றியும் அவர்கள் சளைக்காமல் மேலிடத்துக்கு எழுதினார்கள். மாலை வேளைகளில் டாம், ஜார்ஜ் எட்வர்ட்ஸ் 1906-ஆம் ஆண்டில் தோற்றுவித்த விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கு ஆள் சேர்க்கக் கிராமம் கிராமமாகச் சென்றார். பூசல் முற்றியது. வேறு பள்ளிக்கு மாறுவது அல்லது வேலையை இழப்பது என்ற இரண்டில் ஒன்றைத் தெரிந்துகொள்ளும்படி ஜில்லா கல்விக் குழு சொல்லிற்று. அவ்வாறுதான் 1911-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர்கள் பர்ஸ்டனுக்கு வந்தார்கள்.

இடம் மாறியதே தவிரக் குறைகள் மாறவில்லை. பர்ஸ்டன் பள்ளியிலும் ஈரம், வெளிச்சக் குறைவு, குளிர் காய வழியின்மை எல்லாம் இருந்தன. 1912-ஆம் ஆண்டில் சார்லஸ் டக்கர் ஈலண்ட் என்பவர் ஊருக்குப் புதிய பாதிரியாராக வந்து, சீக்கிரத்திலேயே பள்ளி நிர்வாகக் குழுவின் தலைவரானார். தலைமையாசிரியைக்கும் தலைவருக்கும் இடையே ஏற்பட்ட சச்சரவுகளுள் ஒன்றை மட்டும் சற்று அருகில் சென்று பார்ப்போம். ஏனெனில் பின்னால் நடந்த அனைத்துக்கும் அதுவே திறவுகோலாக எனக்குத் தோன்றுகிறது.

ஒரு மழைநாள். மூன்று மைல் தொலைவை நடந்தே கடந்து வந்த பிள்ளைகள் தெப்பமாக நனைந்திருந்தார்கள். பண்ணையாளின் குழந்தைக்கு மாற்றுடை ஏது? உடுத்தியது உடம்பிலேயே காய வேண்டும். அல்லது நனைந்த உடையோடு பகல் முழுவதும் பலகையில் அமர்ந்து எழுத வேண்டும். கிட்டி ஹிக்டன் வகுப்பறையில் நெருப்பு மூட்டி அவர்களுடைய உடைகளை உலர்த்தினார். நிர்வாகக் குழுவின் அனுமதி பெறாமல் கணப்பு மூட்டியது குற்றமென்று அவர் கண்டிக்கப்பட்டார். எரிபொருளுக்குக் கணக்கு வைப்பதும், உத்தரவின்றிச் செலவு செய்யலாகாது என்பதும் நிர்வாகத்தின் கண்ணுக்கு நியாயமாகவே தோன்றியிருக்கும். ஆனால் அன்று மாலை உலர்ந்த சட்டையோடு வீட்டுக்குத் திரும்பிய குழந்தையைத் தொட்டுப் பார்த்த தாயின் கைக்கு வேறொரு நியாயம் தெரிந்திருக்கும். தம் சொந்தப் பணத்தில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பாதரட்சையும் உடையும் வாங்கிக் கொடுத்த அந்த ஆசிரியையைப் பற்றிப் பெற்றோர் கொண்டிருந்த மதிப்பு, எந்தக் குழுவின் அறிக்கையையும் படித்து உண்டானதன்று; இத்தகைய மாலைப்பொழுதுகளில், ஒவ்வொரு வீட்டிலும், கொஞ்சம் கொஞ்சமாகத் திரண்டது.

1913-ஆம் ஆண்டில் ஊர்ச்சபைத் தேர்தல் வந்தது. டாம் ஹிக்டனும், அவர் ஊக்கிய தொழிலாளர் சிலரும், அதுவரை பண்ணையார்களும் பாதிரியாருமே வீற்றிருந்த அந்த ஸ்தானங்களுக்கு நின்றார்கள். வாக்குகளை எண்ணியபோது டாம் முதலிடத்தில் நின்றார். பாதிரியார் ஒன்பதே வாக்குகளோடு கடைசி இடத்துக்குப் போனார். ஊர்ச்சபை தொழிலாளர் வசமாயிற்று. ஆனால் பள்ளிக்கூடம் அவர்கள் வசமாகவில்லை. 1902-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் கிராமத்து ஜில்லாப் பள்ளிகளுக்கு வகுத்த ஏற்பாட்டின்படி, நிர்வாகக் குழுவில் நால்வரை ஜில்லா சபை நியமிக்கும். இருவரை மட்டுமே ஊர்ச்சபை அனுப்பலாம். ஊரே திரண்டு ஒரு பக்கம் வாக்களித்தாலும், பள்ளியின் மேசையில் அந்த ஊர் சிறுபான்மையாகவே அமர வேண்டும் என்பதுதான் இதன் தாத்பரியம். பர்ஸ்டன் பெற்றோருக்கு ஊரின் சாக்கடையைப் பற்றித் தீர்மானிக்கும் உரிமை கிடைத்தது. தங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவர் யார் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை கிடைக்கவில்லை.

தேர்தலுக்குப் பின் பிராதுகள் வலுத்தன. தலைமையாசிரியை நிர்வாகிகளிடம் மரியாதையின்றி நடந்துகொண்டார் என்பது ஒன்று. பர்னார்டோ அனாதைச் சிறுவர் ஸ்தாபனத்திலிருந்து ஊரில் ஒரு வீட்டில் வளர்க்கும்படி விடப்பட்டிருந்த இரு சிறுமிகளை அவர் பிரம்பால் அடித்தார் என்பது மற்றொன்று. இதை அவர் அறவே மறுத்தார். ஜில்லா கல்விக் குழு விசாரித்தது. முடிவு ஆசிரியைக்கு எதிராகவே அமைந்தது. கணவன் மனைவி இருவரும் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். பள்ளியைச் சார்ந்த வீட்டையும் காலி செய்ய வேண்டியதாயிற்று. விவகாரம் இத்தோடு முடிந்துவிட்டதென்று மேலிடத்தார் எண்ணியதில் வியப்பில்லை. இத்தகைய விவகாரங்கள் அத்தோடு முடிவதே உலக வழக்கம்.

1914-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல் தேதி காலையில் புதிய ஆசிரியர்கள் பள்ளிக்கு வந்தார்கள். கரும்பலகையில், தாங்கள் வேலைநிறுத்தம் செய்யப் போவதாகப் பிள்ளைகள் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்கள். வயலட் பாட்டர் என்னும் 13 வயதுச் சிறுமி, உடன் வரச் சம்மதித்தவர்களின் பெயர்களை ஒரு காகிதத்தில் முன்னமே குறித்து வைத்திருந்தாள். பள்ளியில் இருந்த 72 பிள்ளைகளில் 66 பேர் அவள் பின்னே வரிசையாக நின்று, கொடிகளையும், எங்கள் ஆசிரியர்களை எங்களுக்குத் திருப்பிக் கொடுங்கள் என்ற பொருள்பட எழுதிய அட்டைகளையும் ஏந்தி, ஊரைச் சுற்றிவரும் பாதை வழியே ஊர்வலமாகப் போனார்கள். பெற்றோர் அவர்களைத் தடுக்கவில்லை. வழியில் தின்பண்டமும் பானமும் கொடுத்து உபசரித்தார்கள். ஊர்வலம் போன பிள்ளைகளைப் பற்றிச் சொல்லுகிறவர்கள், வாசலில் நின்ற இந்தப் பெற்றோரைப் பற்றி இரண்டு வார்த்தையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கோ அந்த வாசல்களில்தான் சரித்திரம் நிகழ்ந்ததாகப் படுகிறது.

அப்படிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பள்ளிப் பிள்ளைகளின் வேலைநிறுத்தம் அந்தத் தேசத்துக்குப் புதியதன்று. 1911-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், வேல்ஸிலுள்ள லனெல்லி நகரத்தில் தொடங்கி, பிரம்படியை எதிர்த்தும் வீட்டுப் பாடத்தை எதிர்த்தும் பல பட்டணங்களில் பிள்ளைகள் வகுப்பை விட்டு வெளியேறினார்கள். அவையெல்லாம் சில நாட்களில் அடங்கிப் போயின. பிள்ளைகளின் கோபத்துக்குப் பெற்றோரின் சம்மதம் துணை நிற்கவில்லை. பர்ஸ்டனிலோ, பிள்ளைகள் எடுத்த காரியத்தைத் தாய் தந்தையர் தங்கள் காரியமாகவே ஏற்றுக்கொண்டார்கள். ஆசிரியர்களின் தூண்டுதலே இதற்கெல்லாம் மூலம் என்று சொல்வோர் உண்டு. தூண்டுதல் ஒரு நாளைக்கு நிற்கும், ஒரு வாரத்துக்கு நிற்கும். கூலிக்காரக் குடும்பம் ஒன்று கோர்ட்டுப் படியேறி அபராதம் கட்டிய பிறகும் அது நிற்குமா என்பதே கேள்வி.

கோர்ட்டு வெகு சீக்கிரத்தில் வந்தது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பத் தவறினார்கள் என்று 18 பெற்றோருக்குச் சம்மன் வந்து, தலைக்கு இரண்டரை ஷில்லிங் அபராதம் விதிக்கப்பட்டது. அவர்கள் அசையவில்லை. இரண்டாந்தடவை 32 பேர் அழைக்கப்பட்டு, அபராதம் ஐந்து ஷில்லிங்காக இரட்டித்தது. வாரம் 13 ஷில்லிங் சம்பாதிக்கிறவனுக்கு ஐந்து ஷில்லிங் என்பது இரண்டு நாள் கூலிக்கும் அதிகம். அந்த வாரத்து ரொட்டியிலும் விறகிலும் எதைக் குறைப்பது என்ற கணக்கு அது. ஊராரும் வெளியூராரும் சேகரித்த நிதியே அபராதத்தைத் தீர்த்தது. இதற்குள் பிள்ளைகளுக்கு முறையாகவே பாடம் நடந்துவந்தது: முதலில் ஊர்ப் புல்வெளியில், வானமே கூரையாக, பிறகு ஒரு தச்சுப் பட்டறையில், வீடு வீடாகக் கொடுத்துதவிய நாற்காலிகளையும் பலகைகளையும் போட்டு. வேறு முறையில் தக்க கல்வி பெறுகிற பிள்ளையின் பெற்றோரைத் தண்டிக்கலாகாது என்பதற்கு 1870-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இடம் இருந்தது. பிள்ளையைப் படிக்க வைப்பது பெற்றோரின் கடமை என்று சட்டம் சொல்லிற்று. இன்ன கட்டடத்தில்தான் படிக்க வைக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. பட்டறையில் பாடம் கிரமமாக நடக்க நடக்க, வழக்குத் தொடர்வதில் பயனில்லை என்பது அதிகாரிகளுக்கு விளங்கியது.

சட்டத்தால் ஆகாததை வேறு வகையிலும் முயன்று பார்த்தார்கள். தேவாலயத்து மானிய நிலத்தைக் குத்தகைக்கு உழுதுவந்த குடியானவர்களுள், ஆசிரியர்களை ஆதரித்தவர்கள் நிலத்தை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். பதிலுக்கு ஊரார் தேவாலயத்துக்குப் போவதைப் பெரும்பாலும் நிறுத்திக்கொண்டு, மெதடிஸ்ட் போதகர் ஒருவர் புல்வெளியில் நடத்திய ஞாயிறு வழிபாட்டுக்குத் திரண்டார்கள். இதைக் கடவுளிடம் கொண்ட கோபமென்று கருதுவது தவறு. பிள்ளைக்குப் பெயரிட்ட இடமும், பெற்றோரைப் புதைத்த இடமும் அந்தத் தேவாலயமே. அதன் வாசலைத் தாண்டாமல் வெளியே புல்லில் முழங்காலிடுவது அவர்களுக்கு எளிதாக இருந்திருக்க முடியாது. பக்தியை அவர்கள் விடவில்லை. அநியாயம் செய்தவர் கையால் ஆசீர்வாதம் பெறுவதைத்தான் விட்டார்கள்.

எந்த ஆதாரத்தைக் கொண்டு இத்தனை உறுதி அவர்களுக்கு உண்டாயிற்று? இங்கே நடுநிலையோடு ஒன்றைச் சொல்லவேண்டும். பிள்ளைகளை ஜில்லாப் பள்ளியிலேயே விட்டுவைத்த குடும்பங்களும் அந்த ஊரில் இருந்தன. அவர்களும் பெற்றோரே, அவர்கள் மனத்திலும் ஒரு நியாயம் இருந்திருக்கும். கிட்டி ஹிக்டன் வளைந்து கொடுக்கத் தெரிந்தவர் அல்லர். மேலதிகாரிகளுக்கு அவர் எழுதிய கடிதங்களில் பணிவு குறைந்திருக்கலாம். ஆயினும், இரு சிறுமிகள் அடிக்கப்பட்டார்கள் என்ற கேள்விக்குக் குழு சாட்சிகளைத் தேடியபோது, அந்த வகுப்பில் அன்றாடம் அமர்ந்திருந்த பிள்ளைகள் ஒவ்வொரு வீட்டிலும் சாட்சிகளாக இருந்தார்கள். ஆசிரியை கை ஓங்குகிறவரா, இல்லையா என்பது பெற்றோருக்கு ஒரு நாள் விசாரணையில் தெரிய வேண்டிய விஷயமன்று. மூன்று ஆண்டு அனுபவத்தில் தெரிந்த விஷயம். மரியாதைக் குறைவு என்ற குற்றச்சாட்டோ அவர்கள் காதில் வேறு விதமாக ஒலித்தது. பண்ணையாருக்கு முன் தொப்பியைக் கழற்றி நிற்பதே வாழ்க்கையாக இருந்த அந்த மக்களுக்கு, தங்கள் பிள்ளைகளுக்காக ஒருவர் தலைநிமிர்ந்து பேசினார் என்பதுதான் அதன் பொருள். நிர்வாகிகள் குற்றமென்று எழுதிக்கொண்டதையே பெற்றோர் உபகாரமென்று கணக்கிட்டார்கள்.

செய்தி ஊரைக் கடந்து போயிற்று. ரெயில்வேத் தொழிலாளரும் சுரங்கத் தொழிலாளரும் தங்கள் சங்கங்களில் நிதி திரட்டி அனுப்பினார்கள். ஜார்ஜ் லான்ஸ்பரி, சில்வியா பாங்க்ஹர்ஸ்ட் போன்ற பிரபலஸ்தர்கள் ஆதரவு தந்தார்கள். தேசம் மகா யுத்தத்தில் மூழ்கியிருந்தபோதே, தேவாலயத்துக்கு அருகில், ஊர்ப் புல்வெளியின் ஓரத்தில் ஒரு சிறு கட்டடம் எழும்பியது. பணம் உதவிய சங்கங்களின் பெயர்களும் தனிமனிதர்களின் பெயர்களும் முகப்புக் கற்களில் பொறிக்கப்பட்டன. 1917-ஆம் ஆண்டு மே மாதம் 13-ஆம் தேதி அதைத் திறந்து வைத்தவர் பிரபுவோ, மந்திரியோ அல்லர். மூன்று ஆண்டுகளுக்கு முன் காகிதத்தில் பெயர் குறித்து வைத்த அந்த வயலட் பாட்டரே. சுதந்திரத்தின் பள்ளியாக அது என்றும் விளங்கட்டும் என்று அவள் அதை அர்ப்பணித்தாள்.

கட்டடம் திறந்த நாளோடு கதையை முடித்துக்கொள்ள எனக்கு மனமில்லை. ஆரவாரம் மிகுந்த நாட்களில் உறுதியாக நிற்பது ஓரளவு எளிது. அதற்குப் பின் வந்த, விசேஷம் ஏதுமில்லாத வருஷங்களே பெற்றோரின் தீர்ப்பைச் சோதித்தன. 1920-ஆம் ஆண்டில் ஈலண்ட் பாதிரியார் ஊரைவிட்டுச் சென்றார். சண்டைக்குக் காரணமானவரே போய்விட்ட பிறகு, பிள்ளைகளை மீண்டும் ஜில்லாப் பள்ளிக்கு அனுப்புவதற்கு எந்த அவமானமும் இல்லை. அரசாங்கச் செலவில் நடக்கும் பள்ளி இருக்க, நன்கொடையால் நடக்கும் பள்ளியைப் பிடித்துக் கொண்டிருப்பதற்கு வெளிப்படையான அவசியமும் இல்லை. ஆயினும் காலைதோறும் ஒரே ஊரில் பிள்ளைகள் இரு வழியாகப் பிரிந்து இரு பள்ளிகளுக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள். பகைமை அவர்களை அவ்வாறு நடத்தியிருக்க முடியாது. பகைமைக்கு இத்தனை பொறுமை கிடையாது. தாங்கள் நம்பிய ஆசிரியரிடம் தங்கள் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்ற திருப்தி ஒன்றே அதற்குப் போதுமான காரணம்.

1939-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் டாம் ஹிக்டன் காலமானார். முதுமை எய்திவிட்ட கிட்டியால் தனியே பள்ளியை நடத்த இயலவில்லை. எஞ்சியிருந்த பதினோரு பிள்ளைகளும் ஜில்லாப் பள்ளியில் சேர்க்கப்பட்டார்கள். 1946-ஆம் ஆண்டில் கிட்டியும் மறைந்தார். ஆங்கிலேய சரித்திரத்தில் மிக நீண்ட வேலைநிறுத்தம் என்று இதைக் குறிப்பிடுவது வழக்கமாயிற்று. அந்தச் சிறு கட்டடம் இன்று கண்காட்சிச்சாலையாக இருக்கிறது. செப்டம்பர் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமையன்று தொழிற்சங்கத்தார் அங்கே கூடி, பிள்ளைகள் நடந்த பாதையிலே நடக்கிறார்கள்.

பள்ளிக்கூடம் என்பது யாருடைய சொத்து என்ற கேள்விக்குச் சட்டங்கள் காலத்துக்கேற்ப வேறு வேறு விடை கூறிவந்திருக்கின்றன. நிர்வாகிகளுக்கு அதிகாரம் வேண்டும், கணக்கு வேண்டும், ஒழுங்கு வேண்டும். இவையின்றிப் பள்ளி நடவாது. ஆனால் நிர்வாகிகளுக்குள் வழக்கு மூளும்போது, பெற்றோரை வேடிக்கை பார்க்கிறவர்களாக நினைத்து ஒதுக்கிவைப்பது, சாட்சிகளிற் சிறந்தவரைக் கூண்டுக்கே அழையாமல் தீர்ப்பு எழுதுவதாகும். பள்ளியின் குறிப்பேட்டில் எரிபொருள் செலவென்று பதிந்தது, வீட்டில் உலர்ந்த சட்டையாக வந்து சேருகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் நடந்தது முழுமையாக விளங்கும்.

ஹிக்டன் தம்பதிகளைப் பர்ஸ்டனிலேயே, அந்தத் தேவாலயத்தின் தோட்டத்திலேயே அடக்கம் செய்தார்கள். எந்தத் தேவாலயத்தின் பாதிரியார் அவர்களை ஊரைவிட்டு அகற்ற முயன்றாரோ, அதே மண்ணில், அவர்களிடம் படித்த பிள்ளைகளின் பாட்டன் பாட்டிமார் உறங்கும் இடத்தில், அவர்களும் உறங்குகிறார்கள். வேலையிலிருந்து நீக்கலாம், வீட்டிலிருந்து நீக்கலாம். ஊரிலிருந்து நீக்குவதற்கு மட்டும் அந்தப் பெற்றோர் சம்மதிக்கவில்லை.